பணியில் இருந்தபடியே மேலாண்மைப் பட்டம்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார வரலாறு

பணியில் இருந்தபடியே மேலாண்மைப் பட்டம் பெறுதல் என்பது, ஒரு தொழிலில் பல ஆண்டுகள் ஊறிய ஒருவர், வேலையை விடாமலோ சிறிது காலம் மட்டும் விடுப்பு எடுத்தோ வணிக மேலாண்மையை முறையாகக் கற்றுப் பட்டமோ பட்டயமோ பெறுவதாகும். மேலைநாடுகளில் இதனை எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிய இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் அந்தப் பெயர் பரவுவதற்கு வெகு முன்பே, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கும் பழக்கம் பரவிவிட்டது. ‘கரஸ்ல படிக்கிறார்’ என்பதே ஊர் அதற்கு வைத்த பெயர். இப்படிப்பு இந்த வட்டாரத்துக்கு எப்படி வந்தது, யார் படித்தார்கள், எதற்காகப் படித்தார்கள், படித்தது செல்லுமா செல்லாதா என்ற வழக்குகள் எப்படி எழுந்தன என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

இரண்டு ஊர்கள், இரண்டு வகை மாணவர்கள்

இரு ஊர்களுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான் தொலைவு. ஆனால் பிழைப்பு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர். மாவட்ட நீதிமன்றம் இங்குதான் இருக்கிறது. ஆகவே வழக்கறிஞர்கள், நீதிமன்ற ஊழியர்கள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், அரசு அலுவலர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊர் அது. கைத்தறியும் பால்கோவாவும் அதன் மற்றொரு முகம். இராஜபாளையம் பஞ்சாலை ஊர். நூற்பாலைகள், அவற்றைச் சார்ந்த பட்டறைகள், பஞ்சு வணிகம், பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு என்று அந்த ஊரின் கடிகாரமே ஷிப்டு சங்கை வைத்து ஓடியது.

நிர்வாகப் பிரிவினைகளையும் நினைவில் கொள்ள வேண்டும். இரு ஊர்களும் முதலில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன. 1985இல் காமராசர் மாவட்டம் என்ற பெயரில் பிரிந்த இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தன. மாவட்டம் எதுவாக இருந்தாலும், பல்கலைக்கழகக் கல்விக்கு 1966 வரை சென்னையையும், அதன்பின் மதுரையையும் நோக்கியே இந்த மக்கள் நின்றார்கள்.

நடுவயதில் ஒருவர் படிக்க உட்கார இடமும் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் தமிழகத்தின் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு வீட்டில் மேசைகூடக் கிடைக்காது. அவருக்கு ஒரு நாற்காலியையும் அமைதியையும் கொடுத்தவை இத்தகைய நூலகங்களே. கல்வி வரலாறு எழுதுவோர் இதை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தப் படிப்பு பிறந்த கதை

தொழிற்சாலைகளில் ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் பாடம் நடத்தும் எண்ணம் அமெரிக்காவில் தோன்றியது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1931இல் பணியிலிருந்த பொறியாளர்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் அது ஸ்லோன் பெயரைப் பெற்றது. சிகாகோ பல்கலைக்கழகம் 1943இல் தொடங்கியதே முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. எனக் கருதப்படுகிறது. ஆண்டைக் கவனிக்க வேண்டும்: அது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். தொழிற்சாலைகள் போர்த்தளவாட உற்பத்திக்கு மாறின. அவற்றை நடத்தத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. இருப்பவர்களையே விரைவாகப் பழக்க வேண்டியிருந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் உயர்நிலை மேலாண்மைத் திட்டமும் போர்க்காலப் பயிற்சியிலிருந்து கிளைத்து 1945இல் உருவானதுதான். இங்கிலாந்தில் அதே ஆண்டில் ஹென்லி நிர்வாகப் பணியாளர் கல்லூரி நிறுவப்பட்டது.

விடுதலை பெற்ற இந்தியாவுக்கும் இதே தட்டுப்பாடுதான். ஆலைகளும் அணைகளும் வரும் வேகத்துக்கு அவற்றை நடத்துவோர் கிடைக்கவில்லை. 1949இல் ஜாம்ஷெட்பூரில் சேவியர் தொழிலாளர் உறவு நிறுவனம் தொடங்கியது. 1953இல் கல்கத்தாவில் சமூக நலம், வணிக மேலாண்மை ஆகியவற்றுக்கான இந்திய நிறுவனம் வந்தது. இந்தியாவின் முதல் மேலாண்மைக் கல்வி நிறுவனமாக இதனைக் குறிப்பிடுவர். 1956இல் ஹென்லியை முன்மாதிரியாகக் கொண்டு ஐதராபாத்தில் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி அமைக்கப்பட்டது. முழுக்க முழுக்க நடுப்பணிக் காலத்தினருக்கென்றே எழுந்த கல்விக்கூடம் இது. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் 1961இல் தோன்றின. முதலாவதற்கு மாசாசூசெட்ஸ் நிறுவனமும் இரண்டாவதற்கு ஹார்வர்டும் துணை நின்றன. இவையெல்லாம் இராஜபாளையத்திலிருந்து இரண்டு நாள் ரயில் தொலைவில் இருந்தவை. ஒரு நூற்பாலை மேற்பார்வையாளருக்கு அவற்றின் பெயர்கூடத் தெரிய வாய்ப்பில்லை.

ஆலையே பள்ளிக்கூடமாக இருந்த காலம்

இராஜபாளையத்தின் தொழில் வரலாறு மேலாண்மைப் பட்டம் இல்லாதவர்களால் எழுதப்பட்டது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா (1894–1962) 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தார். துலுக்கப்பட்டி அருகே அந்தச் சிமெண்டு ஆலை அமைந்த இடம் இன்று இராமசாமி ராஜா நகர் எனப்படுகிறது. அவர் மறைந்தபோது பொறுப்பேற்ற மகன் பி. ஆர். இராமசுப்பிரமணிய ராஜாவுக்கு (1935–2017) வயது 27. அவரும் தொழிலைத் தொழிலிலேயே கற்றவர். அடுத்த தலைமுறையில்தான் மாற்றம் தெரிகிறது. பி. ஆர். வெங்கட்ராம ராஜா சென்னையில் வேதிப் பொறியியல் முடித்துவிட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. பட்டம் பெற்றார். ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அவருடைய முயற்சியில் உருவானது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை வைத்தே, மேலாண்மைக் கல்வி இந்த ஊருக்குள் எப்போது வந்தது என்பதைக் கணித்துவிடலாம்.

மேலே இப்படி இருக்க, நடுவில் இருந்தவர்கள் எப்படிக் கற்றார்கள்? ஸ்பின்னிங் மாஸ்டர், ஷிப்டு மேற்பார்வையாளர், கணக்கர், கிடங்குப் பொறுப்பாளர் ஆகியோருக்கு ஆலைதான் பள்ளிக்கூடம். பஞ்சு எந்தக் கிடங்கிலிருந்து வந்தது, ஈரம் எவ்வளவு, எந்தக் கலவைக்கு எத்தனை அறுபடும் என்பதைக் கைவிரல் சொல்லும். 1956இல் கோயம்புத்தூரில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சுருக்கமாகச் சிட்ரா, இந்தக் கைப்பழக்கத்துக்கு எண் கொடுத்தது. ஒரு கதிருக்கு ஒரு ஷிப்டில் எத்தனை கிராம் நூல், 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி நேரம் என்று கணக்கிட்டு ஆலையோடு ஆலையை ஒப்பிடும் பழக்கம் வந்தது. இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா பாலிடெக்னிக் 1963இல் தொடங்கியது. இராஜூக்கள் கல்லூரி 1973இல் வந்தது. முன்னது பட்டயம் பெற்ற தொழில்நுட்பரைக் கொடுத்தது. பின்னது பட்டதாரிகளைக் கொடுத்தது.

மேலாண்மைக் கல்விக்கு முதல் உந்துதல் தந்தது ஒரு சட்டம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அந்த வேலைக்குத் தகுதி வரையறுக்கப்பட்டது. அதுவரை முதலாளிக்கு வேண்டியவராக இருந்தால் போதும் என்றிருந்த நாற்காலிக்குப் படிப்பு தேவைப்பட்டது. 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவை தந்த தொழிலாளர் நலப் படிப்புகளும், பின்னாளில் வந்த பணியாளர் மேலாண்மைப் பட்டயங்களும், தொழிலாளர் சட்டப் பட்டயங்களும் பஞ்சாலை ஊர்களில் விலைபோனதற்கு இதுவே காரணம். மனிதவள மேலாண்மை என்று இன்று கவர்ச்சியாகச் சொல்லப்படும் பாடத்தின் வேர் ஆலைக் கேண்டீனிலும் ஓய்வறையிலும் இருக்கிறது.

வங்கிகளில் இதற்கு இணையாக ஒரு மரபு இருந்தது. 1928இல் நிறுவப்பட்ட இந்திய வங்கியாளர் கழகம் நடத்திய சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை வங்கி ஊழியர்கள் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்கள். தேர்ச்சி பெற்றால் கூடுதல் ஊதிய உயர்வு கிடைத்தது. பதவி உயர்விலும் மதிப்பு இருந்தது. பணியிலிருந்தபடி படித்தால் பலன் உண்டு என்று சிறிய ஊர் மாதச் சம்பளக்காரருக்கு முதலில் எண்பித்துக் காட்டியது இந்தத் தேர்வுதான் என்பது என் கருத்து. ஆசிரியர்களுக்கும் உயர்கல்விக்கு ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. தமிழக அரசு 2020இல் அம்முறையை நிறுத்தியது.

தபாலில் வந்த பல்கலைக்கழகம்

1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் இந்தியாவில் முதன்முதலாக அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1966இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. மு. வரதராசன் துணைவேந்தராகப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டில்தான். 1978இல் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதே வழியில் வந்தன.

இதன் நடைமுறையை இன்றைய மாணவர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கட்டணத்தை வங்கி வரைவோலையாக எடுத்து அனுப்ப வேண்டும். சில வாரங்களில் தபால்காரர் பழுப்பு உறையில் பாடக் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வினாக்கள் இருக்கும். ஆண்டில் சில நாட்கள் தொடர்பு வகுப்புகள் நடக்கும். நாகமலை அடிவாரத்துப் பல்கலை நகருக்கோ, வகுப்பு நடக்கும் ஏதாவது ஒரு கல்லூரிக்கோ போய் உட்கார வேண்டும். ஆலையில் அந்த நாட்களுக்கு விடுப்பு கிடைப்பது மேலாளரின் மனதைப் பொறுத்தது. விடுப்பு கிடைக்காதவர்கள் இரவு ஷிப்டு முடித்து, காலை முதல் பஸ்ஸில் மதுரைக்கு ஏறி, வகுப்பில் தூங்கி வழிந்து, மாலையில் திரும்பி மறுபடி ஷிப்டுக்குப் போனார்கள். தேர்வு நாட்களில் கணவனும் மனைவியும் அடுத்தடுத்த வரிசையில் எழுதுவதுண்டு. தந்தையும் மகனும் ஒரே ஆண்டில் பட்டம் வாங்கிய வீடுகளும் உண்டு.

முதலில் பெரும்பாலோர் படித்தது பி.ஏ., பி.காம். படிப்புகளை. காரணம் எளிது. பாலிடெக்னிக் பட்டயத்தோடோ பள்ளி இறுதியோடோ வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மேலே ஏறும் படிக்கட்டில் பட்டம் என்ற கதவு பூட்டியிருந்தது. பூட்டைத் திறந்தபிறகு அடுத்த கதவாக எம்.பி.ஏ. தெரிந்தது. அஞ்சல்வழியில் அதுவும் வந்து சேர்ந்தது. பட்டதாரியாகாமலேயே பதினைந்து ஆண்டுகள் பிரிவுப் பொறுப்பில் இருந்தவர், நாற்பதை எட்டும்போது, தனக்குக் கீழே பயிற்சிக்கு வந்த இளைஞன் படிப்பைக் காட்டித் தன்னைத் தாண்டிப்போவதைப் பார்த்தார். இந்த வட்டாரத்தில் நடுவயதுக் கல்வியை ஓட்டிய நெருப்பு அதுதான். அறிவு வேட்கை என்று நாம் பள்ளி விழாக்களில் பேசுவது அதற்கு அடுத்த இடத்தில் வரும்.

இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஐதராபாத்தில் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அது 1987இல் முதன்முதலாக வழங்கிய படிப்புகள் இரண்டே இரண்டு: மேலாண்மைப் பட்டயம், தொலைநிலைக் கல்விப் பட்டயம். சேர்ந்தவர்கள் 4,528 பேர். நாடு தழுவிய ஒரு பல்கலைக்கழகம் தன் முதல் பாடமாக மேலாண்மையைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. வேலையில் இருப்போரே தன் முதல் மாணவர்கள் என்று அது சரியாகக் கணித்தது. அதன் எம்.பி.ஏ. படிப்பில் சேரத் தொடக்க காலத்தில் சாதாரணப் பட்டதாரிகளிடம் மேற்பார்வைப் பணி அனுபவம் கேட்கப்பட்டது. பெயர் எப்படி இருந்தாலும் இயல்பில் அது எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.தான். பட்டயம், முதுநிலைப் பட்டயம், பட்டம் என்று படிப்படியாக ஏறும் அமைப்பும் அதில் இருந்தது. நடுவில் பிள்ளைக்குக் கல்யாணம், வீட்டில் நோய் என்று நின்றுபோனாலும் அதுவரை படித்ததற்குக் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சியது. இந்தக் கருணை நம் மற்றக் கல்வி அமைப்புகளில் அரிது.

பாடமும் பஞ்சாலையும்

அஞ்சல்வழி எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு எது எளிது, எது கடினம் என்பதைப் பார்த்தால் இந்தக் கல்வியின் பயன் விளங்கும். உற்பத்தி மேலாண்மை அவர்களுக்குப் பழகிய பாடம். கதிருக்கு இத்தனை கிராம் என்று தினமும் எழுதுகிறவருக்கு உற்பத்தித்திறன் பற்றிப் புத்தகம் புதிதாக எதுவும் சொல்லிவிடாது. திணறியது நிதி மேலாண்மையில். அங்கேதான் அவர்கள் அதுவரை பார்த்திராத முதலாளியின் மேசை திறந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. 1990களில் தமிழக நூற்பாலைகள் காற்றாலைகளில் முதலீடு செய்யத் தொடங்கின. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாடிகள் வரிசையாக எழுந்தன. நூற்பாலைச் செலவில் பஞ்சுக்கு அடுத்த பெரிய இனங்களுள் மின்சாரம் ஒன்று. எனவே சொந்த மின்சாரம் என்பது எல்லாருக்கும் புரிந்த காரணம். புரியாத காரணம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 100 விழுக்காடு தேய்மானக் கழிவு கிடைத்தது. அதாவது ஒரு கோடி ரூபாய் போட்டால், அந்த ஒரு கோடியையும் அந்த ஆண்டு இலாபத்திலிருந்து கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். இன்று மிச்சமாகும் வரி ரூபாய்க்கும், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் மின்சார ரூபாய்க்கும் ஒரே மதிப்பு இல்லை. இந்தக் கணக்குக்கு நிகர இன்றைய மதிப்பு என்று பெயர். ஆலையில் காற்றாடி ஏன் வாங்கினார்கள் என்பது, அங்கே வேலை பார்த்த பொறியாளருக்கு எம்.பி.ஏ. நிதிப்பாடத்தில்தான் முழுதாக விளங்கியிருக்கும். 2008க்குப் பிறகு தமிழகத்தில் கடும் மின்வெட்டு வந்தபோது, அந்தக் காற்றாடிகளின் அருமை பாடம் படிக்காதவர்களுக்கும் தெரிந்தது.

மொழி இன்னொரு தடை. பாடக் கட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்துத் தமிழிலேயே ஆலை நடத்தியவர்கள், தாங்கள் நாள்தோறும் செய்கிற வேலையின் பெயரை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார்கள். இருப்பு, சரக்கு, கொள்முதல், கடன் தவணை, கழிவு எல்லாவற்றுக்கும் கடைத்தெருவில் நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. அவற்றைக் கொண்டு மேலாண்மை நூல்கள் போதிய அளவு எழுதப்படாதது நம் கல்வியாளர்களின் குறையே தவிர, தமிழின் குறை அல்ல.

வார இறுதியும் ரயிலும்

அஞ்சல்வழிக்கு வெளியே, நேரில் போய்ப் படிக்கும் வழிகள் பெருநகரங்களில் வளர்ந்தன. சென்னை இலயோலா கல்லூரியின் வணிக நிர்வாக நிறுவனமான லிபா 1979இல் தொடங்கியது. பணியில் இருப்போர்க்கான பகுதிநேரப் படிப்பு அதன் அடையாளங்களுள் ஒன்று. 1984இல் திருச்சியில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் பெல் வளாகத்தில் தொடங்கப்பட்டது. அதே 1984இல்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி வந்தது. 2006இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. புதுக்கோட்டைக்காரரும் அமெரிக்காவின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவருமான பாலா பாலச்சந்திரன் 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, பணி அனுபவம் உடையோர்க்கு ஓராண்டுப் படிப்பைக் கொண்டுவந்தார். அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனம் 2006இல் இத்தகைய ஓராண்டு முழுநேரப் படிப்பைத் தொடங்கியது. 2011இல் திருச்சிராப்பள்ளிக்கு இந்திய மேலாண்மை நிறுவனம் வந்தது. பணியில் இருப்போர்க்கு அது சென்னையிலும் வார இறுதி வகுப்புகளை நடத்தியது.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு வேலையை விட வேண்டும். சம்பளமும் போகும், கட்டணமாகப் பல இலட்சங்களும் போகும். வார இறுதிப் படிப்பில் வேலை தங்கும், ஞாயிற்றுக்கிழமை போகும். இராஜபாளையத்துக்காரருக்கு இரண்டாவதும் எளிதல்ல. பொதிகை விரைவு வண்டியில் வெள்ளி மாலை ஏறினால் சனி விடியலில் எழும்பூர். ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கள் காலை ஊர். மாதம் ஒருமுறை என்றால் தாங்கும். வாரந்தோறும் இரண்டு ஆண்டுகள் என்றால் உடம்பும் குடும்பமும் கேள்வி கேட்கும். ஆகவே இந்த வகைப் படிப்பில் இவ்வூர்க்காரர்கள் சேர்ந்தார்கள் என்றால், பெரும்பாலும் ஏற்கெனவே சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்தவர்களாகவே இருப்பார்கள். உள்ளூரில் தங்கியவர்களுக்கு அஞ்சல்வழியே வழி. சிறு நகரத்துக்கும் பெருநகரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைத் திறமையின் இடைவெளியாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

பெண்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமானது. வங்கியிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்த பெண், குழந்தையை விட்டுவிட்டு வார இறுதியில் வேறு ஊருக்குப் போய்ப் படிக்க வீடு இசைவதில்லை. தபாலில் வரும் பாடம் யாருடைய அனுமதியும் கேட்பதில்லை. அடுப்படியிலும் படிக்கலாம்.

பட்டமா, பட்டயமா? செல்லுமா, செல்லாதா?

இந்திய மேலாண்மை நிறுவனங்கள் நெடுங்காலம் பட்டம் வழங்கியதில்லை. பல்கலைக்கழகம் அல்லாதவை என்பதால் முதுநிலைப் பட்டயமே வழங்கின. 2017ஆம் ஆண்டின் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகுதான் அவை எம்.பி.ஏ. பட்டம் தரும் உரிமை பெற்றன. தனியார் நிறுவனங்களில் இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. அரசுப் பணியிலும் ஆய்வுப் படிப்பிலும் பார்ப்பார்கள்.

தொலைநிலைக் கல்வியில் சிக்கல் பெரிது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களின் படிப்பு மையங்கள் தமிழகச் சிற்றூர்களிலும் முளைத்தன. பஜாரில் மாடியறை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு தொலைபேசி இருந்தால் மையம் தயார். சத்தீஸ்கரில் ஒரே சட்டத்தைப் பயன்படுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. கல்வியாளர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. 2009இல் மற்றொரு வழக்கில், உரிய அடிப்படைப் பட்டம் பெறாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டத்தை ஏற்க முடியாது என்றது. அதே ஆண்டில் தமிழக அரசும், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்தபின் பெற்ற பட்டமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்று ஆணையிட்டது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று வலியுறுத்தியது.

இந்த ஆணைகளின் நோக்கம் சரி. ஆனால் அடி விழுந்த இடம் வேறு. மையம் நடத்தியவர் பலகையைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். மூன்றாண்டு உழைத்துக் கட்டணமும் கட்டியவர், கையில் உள்ள தாளைப் பதவி உயர்வுக் கோப்பில் வைக்கலாமா கூடாதா என்று நீதிமன்றப் படி ஏறினார். பள்ளிப் படிப்பைச் சிறுவயதில் இழந்து, திறந்தநிலை முறையில் பட்டம் பெற்றவர்கள்தான் இதில் மிகுதியாக நொந்தார்கள். யாருக்காக அந்தக் கதவு திறக்கப்பட்டதோ அவர்கள் நுழைந்தபிறகு கதவையே கணக்கில் இல்லை என்றால் என்ன செய்வார்கள்?

இன்று நிலைமை ஓரளவு தெளிந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்த ஆண்டில் நடத்தலாம் என்ற பட்டியலை வெளியிடுகிறது. இணையவழிப் பட்டங்களுக்கு 2018இல் முதல் விதிமுறைகளும், 2020இல் தொலைநிலை, இணையவழி இரண்டுக்கும் பொதுவான விதிமுறைகளும் வந்தன. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இம்முறைகளில் வழங்கும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022இல் மானியக் குழு மீண்டும் அறிவித்தது. சேர்கிற ஆண்டுக்கு ஏற்பு உண்டா என்பதைப் பார்ப்பதே முக்கியம். போன ஆண்டு இருந்தது என்பது இந்த ஆண்டுக்குச் சான்றாகாது. எக்ஸிகியூட்டிவ் என்ற சொல்லோடு விளம்பரப்படுத்தப்படும் பல படிப்புகள் பட்டம் அல்ல, சான்றிதழ் மட்டுமே என்பதையும் விண்ணப்பிக்கும் முன் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படித்து என்ன ஆயிற்று?

பலன் ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறியது. வங்கியிலும் அரசு நிறுவனங்களிலும் பதவி உயர்வுக்கு எழுதப்பட்ட விதி உண்டு. அங்கே பட்டம் உடனே காசானது. குடும்பங்கள் நடத்தும் தொழில்களில் விதி எழுதப்பட்டிருப்பதில்லை. அங்கே உச்சி நாற்காலி பிறப்பால் வருவது. அதற்கு ஒருபடி கீழே வரைதான் பட்டம் ஏற்றிவிடும். இதனால் எம்.பி.ஏ. முடித்த நடுவயதினருள் ஒரு பகுதியினர் திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் பெரிய பொறுப்புகளுக்குப் போனார்கள். சிலர் சொந்தமாகச் சிறு ஆலையோ கட்டுத்துணி வணிகமோ தொடங்கினார்கள். சிலர் அதே நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார்கள். ஆனால் வங்கிக்காரரோடும் தணிக்கையாளரோடும் அவர்கள் மொழியிலேயே பேசினார்கள்.

2020இன் பெருந்தொற்றுக்குப் பிறகு வகுப்புகள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. இராஜபாளையத்தில் ஷிப்டு முடித்துவந்தவர் இரவு ஒன்பது மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, வேறு மாநிலத்துப் பேராசிரியரின் பாடத்தைக் கேட்கலாம். பஸ் பயணம் மிச்சம். ஆனால் தேநீர் இடைவேளையில் பக்கத்து ஆலைக்காரர் தன் ஆலையில் பஞ்சை என்ன விலைக்குப் பிடித்தார்கள் என்று சொன்ன அந்தப் பேச்சு திரையில் வருவதில்லை. தொடர்பு வகுப்புகளில் பாதிக் கல்வி அங்கேதான் நடந்தது.